ரூஃபிஜி கழிமுகத்தில் இளகிய பசையும் ஒரு ஃபோர்டு ரேடியேட்டரும்

1914 நவம்பர் தொடக்கத்தில், முதல் உலகப் போர் மூண்டு மூன்று மாதங்களே ஆகியிருந்த நிலையில், டர்பன் துறைமுகத்திலிருந்து கின்ஃபான்ஸ் காசில் என்னும் கப்பல் வடக்கு நோக்கிப் புறப்பட்டது. பயணிகளை ஏற்றிச் சென்றுகொண்டிருந்த அக்கப்பலைப் பிரிட்டிஷ் கடற்படை அப்போது பீரங்கி பூட்டித் தன் பணிக்கு எடுத்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு கர்ட்டிஸ் பறக்கும் படகு ஏற்றப்பட்டிருந்தது. நீரிலிருந்து எழும்பி நீரிலேயே இறங்கக்கூடிய அந்த விமானம் ஹட்சன் என்ற சுரங்கப் பொறியாளருக்குச் சொந்தமானது. அதை ஓட்டியவர் டென்னிஸ் கட்லர். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குப் பறந்து காட்டுவதே அதுவரை அவர் தொழிலாக இருந்தது. சில நாள்களுக்குள் அவரைக் கடற்படை விமானப் பிரிவின் அதிகாரியாக்கி, மறைந்திருக்கும் ஒரு ஜெர்மன் போர்க்கப்பலைக் கண்டுபிடிக்க அனுப்பிவிட்டார்கள்.

அந்தத் தேடலும் அதைத் தொடர்ந்து எட்டு மாதம் நடந்த முயற்சியும் விமானம் போர்க்கருவியான வரலாற்றில் ஒரு முக்கியமான பகுதி என்பது என் கருத்து. ஆனால் பிரான்சின் பதுங்குகுழிகளுக்கு மேலே நடந்த விமானப் போர்களைப் பற்றி எழுதப்பட்ட அளவில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பற்றி எழுதப்படவில்லை. நான் டர்பன் துறைமுகத்தில் கப்பல் எந்திரம் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்பவன். ஆகவே இந்தக் கதையைப் படிக்கும்போது விமானிகளின் துணிச்சலைவிட அவர்களுடைய எந்திரங்கள் எதனால் நின்றன, எப்படி மறுபடி ஓடின என்பதில்தான் என் கவனம் செல்கிறது. அப்படிப் படித்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று உண்டு: கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்த விமானங்களை ஜெர்மானியர் சுட்டு வீழ்த்தியதைவிட வெயிலும் ஈரக்காற்றும் உப்பும் வீழ்த்தியதே அதிகம்.

தேடப்பட்ட கப்பலின் பெயர் கோனிக்ஸ்பெர்க். 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்துக் கொண்ட இலகு ரகப் போர்க்கப்பல். தளபதி மாக்ஸ் லூஃப். 1914 செப்டம்பர் 20 அன்று சான்சிபார் துறைமுகத்தில் எந்திரப் பழுதுக்காக நின்றிருந்த பெகாசஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை அது எளிதாக அழித்தது. ஆனால் சில நாள்களுக்குள் அதன் எந்திரமும் பழுதாயிற்று. அப்போது ஜெர்மானியர் ஆண்ட, இன்றைய தான்சானியாவில் கடலோடு கலக்கும் ரூஃபிஜி ஆற்றின் கழிமுகத்துக்குள் நுழைந்து, அலையாத்திக் காடுகளுக்கு நடுவே பதுங்கிக்கொண்டு, பழுதான பாகங்களைக் கழற்றித் தரைவழியே தாருஸ்ஸலாம் பட்டறைக்கு இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்தார் லூஃப். காடும் சேறும் நிறைந்த வழியில் அந்த இரும்புகளை இழுத்துப்போய்ச் சரிசெய்து திரும்பக் கொண்டுவந்து பூட்டியவர்களின் உழைப்பைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

அக்டோபர் இறுதியில் சாதம் என்ற பிரிட்டிஷ் கப்பல், மரங்களுக்கு மேலே தெரிந்த பாய்மரக் கம்பங்களை வைத்து கோனிக்ஸ்பெர்க் உள்ளே இருப்பதை உறுதிசெய்தது. ஆனால் ஆழமான பெரிய கப்பல்கள் கழிமுகத்துக்குள் போக முடியாது. வெளியிலிருந்து சுட்டால் குண்டு எங்கே விழுகிறது என்று தெரியாது. கழிமுகம் பல கிளைகளாகப் பிரிந்திருந்ததால் எந்த வாய்க்கால் வழியாக அது வெளியே வரும் என்பதும் தெரியாது. மேலிருந்து பார்க்க ஒரு கண் வேண்டும் என்று கேட்டார்கள். அருகில் கிடைத்த ஒரே கண் டர்பனில் இருந்தது.

இங்கே ஒரு சிறு விலகல். கட்லர் டர்பனிலிருந்து புறப்பட்ட அதே வாரத்தில், இன்னும் வடக்கே தாங்கா என்ற துறைமுகத்தில் இந்தியாவிலிருந்து வந்த ஏறக்குறைய 8,000 பேர் கொண்ட படை கரையிறங்கித் தோற்றது. எதிரே நின்றவர்கள் சுமார் 1,000 பேர். 63வது பாளையங்கோட்டை இலகு காலாட்படை என்ற நம்மூர்ப் பெயர் தாங்கிய படைப்பிரிவும் அங்கே சிதறி ஓடியது. அந்தத் தோல்விக்கான பழியில் பெரும்பகுதி அவர்கள் தலையிலேயே கட்டப்பட்டது. தாங்காவில் இறங்கியவர்களிடம் ஒரு விமானம்கூட இல்லை. மோஷியிலிருந்து ரயிலில் ஜெர்மன் படைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்ததைக் கரையில் நின்றவர்கள் அறியவில்லை. காட்டில் நடப்பவனை மேலிருந்து காண்பது கடினம்தான். ஆனால் ரயில் பாதையையும் புகைவிடும் எந்திரத்தையும் எந்த விமானியும் தவறவிட மாட்டான். பாளையங்கோட்டைக்காரர்களின் கோழைத்தனத்தைப் பற்றி எழுதியவர்கள் இந்தக் குருட்டுத்தனத்தைப் பற்றியும் அதே அளவுக்கு எழுதியிருக்கலாம்.

கட்லரின் விமானம் கழிமுகத்துக்கு அப்பால் நியோரோரோ என்ற சிறு தீவை அடைந்தது. நவம்பர் 19 அன்று அவர் முதன்முறையாகப் பறந்தபோது மேகமும் மழையும் சூழ்ந்துகொண்டதில் வழி தவறி, தெற்கே வேறொரு தீவின் அருகே இறங்கிக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவரைத் தேடிப் பிடித்து இழுத்து வந்தார்கள். ரேடியேட்டர் ஒழுகியது. அதற்கு மாற்று எதுவும் அங்கே கிடைக்காது என்பதால் மொம்பாசாவுக்கு ஒரு போர்க்கப்பலை அனுப்பி, அங்கிருந்த ஒரு ஃபோர்டு மோட்டார் காரின் ரேடியேட்டரைக் கழற்றிக்கொண்டு வரச் செய்தார்கள். இதைப் படித்தபோது நான் சிரித்துவிட்டேன். எங்கள் பட்டறையில் உதிரி பாகம் வந்து சேரத் தாமதமானால் நாங்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் அப்படிப் பூட்டியதை நம்பி யாரும் எதிரியின் தலைக்கு மேலே பறப்பதில்லை. ஒரு கார் எந்திரத்தின் வெப்பத்தைத் தணிப்பதற்காகச் செய்யப்பட்ட பித்தளைக் குழாய்கள், அதைவிடப் பல மடங்கு வலிமையுள்ள 90 குதிரைத்திறன் எந்திரத்தின் கொதிநீரை, அதுவும் வெப்பமண்டலக் கடற்கரையில், ஆற்ற வேண்டியிருந்தது.

நவம்பர் 22 அன்று கட்லர் கோனிக்ஸ்பெர்க்கைக் கண்டுவிட்டார். ஆனால் அவர் குறித்துக் காட்டிய இடத்தில் அவ்வளவு பெரிய கப்பல் மிதக்கும் ஆழம் இல்லை என்று கடல் வரைபடம் சொன்னதால், அதிகாரிகள் விமானியை நம்பாமல் வரைபடத்தை நம்பினார்கள். விமானத்தின் அடிப்பகுதி சேதமடைந்திருந்தது. டர்பனில் மிச்சமிருந்த ஹட்சனின் இன்னொரு பறக்கும் படகிலிருந்து அதற்கு மாற்று வந்து சேர வேண்டியிருந்தது. அது வந்த பிறகு கின்ஃபான்ஸ் காசிலின் கேப்டனே அவருடன் ஏறிச் சென்று தன் கண்ணால் பார்த்துத் திரும்பினார். கட்லர் சொன்னது சரியாகவே இருந்தது. டிசம்பர் 10 அன்று எந்திரம் நின்று ஆற்றில் இறங்கியபோது அவரை ஜெர்மானியர் சிறைபிடித்தார்கள். குண்டு மழைக்கு நடுவே பிரிட்டிஷார் படகில் சென்று விமானத்தை மட்டும் மீட்டு இழுத்து வந்தார்கள். கட்லருக்கு 1917 இறுதிவரை விடுதலை கிடைக்கவில்லை.

1915 பிப்ரவரியில் கல் என்ற விமானியின் பொறுப்பில் இரண்டு சாப்வித் மிதவை விமானங்கள் வந்தன. புதிய விமானங்கள், கட்லருடையதைப் போல ஒட்டுப்போட்டவை அல்ல. ஆயினும் இந்தக் கதையிலேயே மிக மோசமாகத் தோற்றவை அவைதான். விமானி, பார்வையாளர் இருவரையும் குண்டுகளையும் ஏற்றிக்கொண்டு அவற்றால் மேலே எழும்பவே முடியவில்லை. சுமையைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தும் பயனில்லை. மரச்சட்டங்களை ஒட்டியிருந்த பசை இளகியது, மிதவைகள் ஒழுகின.

பசை இளகியது என்பதை நான் முதலில் மிகைப்படுத்திச் சொல்லப்பட்டதாகவே நினைத்தேன். என் மாமனார் டர்பனில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், அவரிடம் கேட்டேன். அவர் பின்கட்டுக்குப் போய், உள்ளே ஒரு பாத்திரமும் வெளியே தண்ணீருக்கு ஒரு பாத்திரமுமாக இருக்கும் பழைய வஜ்ஜிரப் பசைச் சட்டியை எடுத்து வந்து மேசையில் வைத்தார். அதன் விளிம்பில் தேன் நிறத்தில் கெட்டியாக உறைந்திருந்த பசை கண்ணாடிச் சில்லைப் போல நகத்துக்கு அசையாமல் இருந்தது. அதன் மேல் ஒரு ஈரத் துணியைப் போட்டுவிட்டு என்னோடு தேநீர் குடிக்க உட்கார்ந்தார். பிறகு துணியை எடுத்துவிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மேற்பரப்பு விரலில் பிசுபிசுத்தது.

"சூடு மட்டும்னா வஜ்ஜிரம் தாங்கும் மாப்பிள்ளை. ஈரமும் சேர்ந்துச்சுன்னா போச்சு. பிப்ரவரி மாசத்துல நாங்க ஒட்டின நாற்காலியே கால் கழண்டு திரும்பி வரும்."

"விமானத்துக்கும் இதைத்தானா மாமா போட்டிருப்பாங்க?"

"அந்தக் காலத்துல வேற என்ன இருந்துச்சு?"

தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த இத்தகைய பசையே அக்கால விமானத் தச்சர்களிடம் பெரிதும் வழக்கில் இருந்தது. இங்கிலாந்தின் குளிரில் ஒட்டி, வார்னிஷ் பூசிய மரம், ரூஃபிஜியின் மழைக்காலத்தில் கடலலை மோத மோத மிதந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தச் சட்டியைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. மரத்தின் குறை இது என்றால், காற்றுக்கும் ஒரு குறை உண்டு. வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்று அடர்த்தி குறைந்தது. அடர்த்தி குறைந்தால் இறக்கை தரும் தூக்கு விசை குறையும். எந்திரம் உள்ளிழுக்கும் காற்றின் எடை குறைவதால் அதன் வலிமையும் குறையும். சுழலியின் (புரொப்பெல்லர்) இழுப்பும் குறையும். மூன்றும் ஒரே நேரத்தில் குறைந்தால், லண்டனில் இருவரைச் சுமந்த விமானம் இங்கே ஒருவரைச் சுமக்கத் திணறும்.

ஏப்ரலில் ஷார்ட் வகை மிதவை விமானங்கள் வந்தன. இவை கொஞ்சம் பறந்தன. ஆனால் சில நூறு அடி உயரத்துக்கு மேல் ஏற முடியாததால், துப்பாக்கி வைத்திருந்த எவனும் குறிபார்க்கக்கூடிய உயரத்தில் பறந்துகொண்டே கல் கோனிக்ஸ்பெர்க்கைப் புகைப்படம் எடுத்தார். ஜூனில் தரையில் இறங்கும் சக்கர விமானங்கள், இரண்டு ஹென்றி ஃபார்மனும் இரண்டு காட்ரானும், வந்து சேர்ந்த பிறகே நிலைமை மாறியது. ஜனவரியில் கைப்பற்றப்பட்டிருந்த மாஃபியா தீவில் மரங்களை வெட்டி ஓடுதளம் அமைத்தார்கள். கனமான மிதவைகள் இல்லாததும் கடல்நீரில் நிற்க வேண்டாததுமே பாதி வெற்றி. இவற்றில் இருந்த நோம் வகைச் சுழல் எந்திரங்களுக்கு ரேடியேட்டரே கிடையாது. சிலிண்டர்களே சுழலியோடு சேர்ந்து சுழன்று காற்றால் குளிரும். அவற்றுக்கு உராய்வு எண்ணெயாக ஊற்றியது நம் வீடுகளில் குழந்தைகளுக்குக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான். பெட்ரோலில் அது எளிதில் கரையாது என்பதே காரணம். எரியாத எண்ணெய் ஆவியாகி முகத்தில் அடிக்க, அந்தக் கால விமானிகளின் வயிறு பட்ட பாட்டை வரலாற்று நூல்கள் நாசூக்காகக் கடந்துவிடுகின்றன.

கண் தயாராயிற்று, இனிக் கை வேண்டும். பிரேசிலுக்காகக் கட்டப்பட்டுப் போர் மூண்டதும் பிரிட்டன் எடுத்துக்கொண்ட செவர்ன், மெர்சி என்ற இரண்டு ஆற்றுப் போர்க்கப்பல்கள் வந்தன. அவை மூழ்கும் ஆழம் இரண்டு மீட்டருக்கும் குறைவு என்பதால் கழிமுகத்துக்குள் நுழைய முடியும். 1915 ஜூலை 6 அன்று இரண்டும் உள்ளே சென்று நங்கூரமிட்டு, ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, காட்டுக்கு மேலாக, தங்கள் கண்ணுக்குத் தெரியாத கப்பலை நோக்கிச் சுட்டன. மேலே வட்டமிட்ட விமானத்திலிருந்து, குண்டு இலக்குக்கு முன்னால் விழுந்ததா, பின்னால் விழுந்ததா, இடமா, வலமா என்பதைக் கம்பியில்லாத் தந்தி மூலம் சுருக்கக் குறிகளில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். விமானத்தால் அனுப்ப மட்டுமே முடியும். பதில் கேட்க முடியாது.

அன்று தோல்வி. 600க்கும் மேற்பட்ட குண்டுகள் சுடப்பட்டு, சிலவே பட்டன. மெர்சியின் ஒரு பீரங்கியில் ஜெர்மன் குண்டு விழுந்து அதிலிருந்தவர்களில் பலர் இறந்தார்கள். ஜெர்மானியருக்கும் ஒரு கண் இருந்தது. மரத்தின் மேல் மேடை கட்டி, அங்கிருந்து பார்த்துத் தங்கள் குறியைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் தரப்பின் பிழை வேறொன்று: இரண்டு கப்பல்களும் ஒரே நேரத்தில் சுட்டதால், மேலே இருந்தவருக்கு எந்தக் குண்டு எந்தக் கப்பலுடையது என்று தெரியவில்லை. செவர்னுக்கு அனுப்பிய திருத்தத்தை மெர்சியின் குண்டைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். விமானத்தின் குறை என்று இதைச் சொல்ல முடியாது. விமானத்தைக் கொண்டு எப்படிச் சுடுவது என்பதை இன்னும் யாரும் முழுதாகக் கற்றிருக்கவில்லை, அவ்வளவுதான். ஐந்தே நாளில் கற்றுக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு கப்பல் மட்டுமே குறிபார்த்துச் சுட வேண்டும் என்ற எளிய விதியோடு திரும்பி வந்ததை நான் இந்தக் கதையின் மிகப் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

ஜூலை 11 அன்று ஹென்றி ஃபார்மனில் கல்லும், பார்வையாளராக ஆர்னால்டும் இருந்தார்கள். செவர்ன் சுட, ஆர்னால்ட் திருத்த, குண்டுகள் படிப்படியாக நெருங்கி கோனிக்ஸ்பெர்க்கைத் தாக்கத் தொடங்கின. அந்த நேரத்தில் ஜெர்மன் கப்பலிலிருந்து வெடித்த குண்டின் சிதறல் விமானத்தின் எந்திரத்தை உடைத்தது. தாங்கள் அடிபட்டுவிட்டதாகவும் படகு அனுப்பும்படியும் செய்தி அனுப்பிய ஆர்னால்ட், எந்திரம் நின்று விமானம் சறுக்கி இறங்கிக்கொண்டிருந்த அந்த இடைவெளியிலும் கையை எடுக்காமல், குண்டுகள் எல்லாம் கப்பலின் முன்பகுதியிலேயே விழுகின்றன என்ற திருத்தத்தையும் அனுப்பி முடித்தார். செவர்ன் தன் குறியைப் பின்னோக்கி நகர்த்தியது. விமானம் மெர்சிக்கு அருகே ஆற்றில் விழுந்து கவிழ்ந்தது. ஆர்னால்ட் வெளியே வீசப்பட்டார். விமானத்தோடு சிக்கி நீருக்குள் போன கல் தன்னை விடுவித்துக்கொண்டு மேலே வந்தார். இருவரையும் மெர்சியின் படகு மீட்டது, இருவருக்கும் டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் படை விருது கிடைத்தது. கோனிக்ஸ்பெர்க் தீப்பிடித்தது, காயமுற்ற லூஃப் தன் கப்பலைத் தானே வெடிவைத்து மூழ்கடிக்க உத்தரவிட்டார்.

இத்தனை மாதமும் விமானங்களிலிருந்து குண்டும் போட்டுப் பார்த்தார்கள். அவற்றால் கோனிக்ஸ்பெர்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. கப்பலைக் கொன்றது ஆர்னால்டின் விரல்.

இதே மாதங்களில் கண்டத்தின் மறுகரையில், இன்றைய நமீபியாவில், தென்னாப்பிரிக்காவின் சொந்த விமானப் படை முதன்முறையாகப் போருக்குச் சென்றது. கிம்பர்லிக்கு அருகே அலெக்சாண்டர்ஸ்ஃபான்டைனில் 1913இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் பறக்கக் கற்று, இங்கிலாந்தில் தேர்ந்த வான் டெர் ஸ்பாய் முதலிய இளைஞர்களே அதன் விமானிகள், வாலஸ் தலைவர். அங்கே ஜெர்மானியர் முந்திக்கொண்டிருந்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய விமானங்களே அவர்களிடம் இருந்தபோதிலும், பீரங்கிக் குண்டுகளையே விமானத்திலிருந்து கையால் போடும் வகையில் மாற்றி, 1914 டிசம்பரிலேயே லூடெரிட்ஸ் ரயில் பாதையில் இருந்த தென்னாப்பிரிக்க முகாம்களின் மீது போட்டார்கள். தென்னாப்பிரிக்கர்கள் தங்களுக்குத் தேர்ந்த விமானம் எஃகுச் சட்டம் கொண்ட ஹென்றி ஃபார்மன். பாலைவனத்து வறட்சியில் மரம் வெடித்து முறுக்கிக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே யோசித்து எடுத்த முடிவு அது. வால்விஸ் விரிகுடாவில் அவை பறக்கத் தயாரானபோது மே மாதம் பிறந்துவிட்டது. தென்னாப்பிரிக்கத் தளபதி போத்தாவின் குதிரைப்படை மே 12 அன்று விண்ட்ஹுக்கை அடைந்தது. ஜூலை 9 அன்று ஜெர்மானியர் சரணடைந்தார்கள். ஆகவே அவை வேலை செய்தது இரண்டு மாதம்தான். ஆயினும் கரிபிப் என்ற ஊரிலிருந்து வடக்கே, தண்ணீர்க் கிணறு எங்கே, எதிரி எங்கே என்று தெரியாமல் குதிரைகளை ஓட்டிய தளபதிக்கு அந்த இரண்டு மாதத்தில் முன்னால் என்ன இருக்கிறது என்பது அன்றன்றே தெரிந்தது.

இந்த விமானிகள் பலர் இங்கிலாந்து சென்று, 26வது ஸ்குவாட்ரன் என்ற பிரிட்டிஷ் விமானப் பிரிவாக ஒன்றுசேர்ந்து, 1916 ஜனவரி இறுதியில் மொம்பாசாவில் வந்து இறங்கினார்கள். அந்த ஆண்டில்தான் நேட்டாலிலிருந்து நம் மக்களும் காயமுற்றவர்களைச் சுமக்கும் தூக்குப்படுக்கைப் படையாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றார்கள். டர்பன் இந்தியர்களின் தலைவர்களில் ஒருவரான ஆல்பர்ட் கிறிஸ்டபர் அவர்களில் ஒருவர். காயம்பட்டவர்களைவிடக் காய்ச்சலில் விழுந்தவர்களே அப்போரில் மிகுதி.

மூழ்கிய கோனிக்ஸ்பெர்க்கின் பத்துப் பீரங்கிகளையும் ஜெர்மானியர் நீரிலிருந்து எடுத்து, தாருஸ்ஸலாமில் பழுதுபார்த்து, சக்கரங்களில் ஏற்றிக் காட்டுக்குள் கொண்டுசென்றிருந்தார்கள். அவற்றில் ஒன்று இப்போது பிரிட்டோரியாவில் யூனியன் பில்டிங்ஸ் என்ற அரசு மாளிகையின் முன்னால் நிற்கிறது, போகிறவர்கள் பார்க்கலாம். ஆற்றில் அசையாமல் கிடந்த கப்பலாக இருந்தவரை அவற்றை விமானத்தால் காட்டிக்கொடுக்க முடிந்தது. மர நிழலுக்குள் இடம் மாறிக்கொண்டே இருந்த தனித்தனிப் பீரங்கிகளை மேலிருந்து தேடுவது 26வது ஸ்குவாட்ரனுக்கு முற்றிலும் வேறு வேலையாக இருந்தது. மறுபடியும் மரச்சட்ட விமானங்கள், மறுபடியும் மழைக்காலம், மறுபடியும் காய்ச்சல். அந்தப் பீரங்கிகள் 1917 வரை சுட்டுக்கொண்டிருந்தன.